பாகூர் வயல்வெளியில் பொறுக்கிய உருண்டைகள்: எது ஆந்தை, எது பருந்து, எது பறவையே இல்லை?

வடக்குவெளி கேட்டது:

வணக்கம். பாகூர் ஏரிப் பாசனத்தில் சம்பா அறுத்த வயல்களைச் சுற்றி மூன்று வாரமாகப் பொறுக்கிய உருண்டைகள் (பறவைகள் இரையில் செரிக்காத மயிர், எலும்பு, ஓட்டைத் திரட்டிக் கக்கியவை) கையில் இருக்கின்றன. எந்தப் பறவை கக்கியது, உள்ளே இருக்கும் எலும்பு எந்த எலியுடையது என்று பிரித்துக் குறித்து வைக்க வேண்டும். இடம் வாரியாகச் சொல்கிறேன்.

1. பழைய நெல் கிடங்கு, ஓட்டுக்கூரை. உத்தரத்துக்கு நேர் கீழே 23 உருண்டை. நீளம் 4 முதல் 6 செ.மீ., தடிமன் சுமார் 2.5 செ.மீ., இரண்டு முனையும் மழுங்கல். புதியவை கன்னங்கரேல் என்று வார்னிஷ் பூசினாற்போல மினுங்குகின்றன. பழையவை சாம்பல் நிறம், சில பஞ்சாகப் பிரிந்துவிட்டன. தரையில் சுண்ணாம்பு கொட்டியது போல வெள்ளை எச்சம்.

2. எலிக்காக வயலில் நட்ட ஆந்தைக் கம்புகளின் அடியில். இதில் இரண்டு தினுசு. ஒன்று 3 முதல் 3.5 செ.மீ., இளஞ்சாம்பல், ஒரு முனை கூம்பியது, பெரும்பாலும் எலி மயிர். மற்றது 1.5 செ.மீ. கூட இல்லை, விரல் பட்டாலே உதிர்கிறது, பளபளக்கும் வண்டு ஓடுகள்.

3. ஏரி மதகின் கைப்பிடிச் சுவர் மேல். 2 செ.மீ. சுமார், வெளுத்தது, மீன் முள், செதில், நண்டு ஓட்டுத் துண்டு.

4. அதே கிடங்கின் பின்கட்டில், சுவர் மேல். 7 செ.மீ. நீளம், முறுக்கிய வடிவம், முனை கூர், நாற்றம். மயிரும் இருக்கிறது, சப்போட்டா விதையும் இருக்கிறது.

பள்ளிப் பிள்ளைகள் சிலரும் பிரித்துப் பார்க்க ஆசைப்படுகிறார்கள். கிருமி நீக்க என்ன செய்வது என்பதையும் சொல்லுங்கள். ஓவன் அடுப்பு கிடையாது, குக்கர் உண்டு.


கெடிலக்கரை பதில்:

இடத்தோடு சேர்த்து எழுதியது மிகவும் உதவியாக இருக்கிறது. அளவை மட்டும் வைத்துக்கொண்டு பறவையைச் சொல்லவே முடியாது. ஒரே பறவை ஒரு நாள் பெரிய எலி தின்று 6 செ.மீ. கக்கும், மறுநாள் ஒரு சுண்டெலியோடு முடித்து 3 செ.மீ. கக்கும். இடம், வடிவம், உள்ளே எலும்பின் நிலை மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது கூகை என்ற ஆந்தை. ஐயமே வேண்டாம். கூரை, உத்தரம், நேர் கீழே குவியல், மினுங்கும் கறுப்புப் பூச்சு எல்லாம் பொருந்துகிறது. அந்தப் பளபளப்பு தொண்டை வழியாக வரும்போது ஒட்டிக்கொள்ளும் சளி காய்ந்தது. கூகை உருண்டை பொதுவாக 3 முதல் 7 செ.மீ. நீளம், 2 முதல் 3 செ.மீ. தடிமன் இருக்கும். ஒன்றை மெதுவாகப் பிளந்து பாருங்கள்: மயிர் வெளியே மெத்தையாகவும் எலும்பு நடுவிலும் இருக்கும், மண்டையோடு பெரும்பாலும் உடையாமல் கிடைக்கும்.

காரணம் வயிற்றில் இருக்கிறது. கூகை சின்ன எலியை அப்படியே விழுங்கிவிடும். அதன் இரைப்பை அமிலம் பகல் வேட்டைப் பறவைகளுடையதைவிட வலுக்குறைந்தது. ஆந்தைகளில் அமிலகாரக் குறியீடு (பிஎச்) 2.35 அருகே, பருந்து வல்லூறு வகைகளில் 1.6 அருகே என்று அளந்திருக்கிறார்கள். எண்ணில் சிறிய வித்தியாசமாகத் தெரியும். ஆனால் அந்த அளவுகோலில் 1 குறைந்தாலே அமிலம் 10 மடங்கு கூடுகிறது. அதனால்தான் பருந்து உருண்டையில் எலும்பு கரைந்துபோய் மயிரும் இறகும் நகமும் மிஞ்சுகின்றன. போதாததற்குப் பருந்து இரையைக் கிழித்துத் தின்கிறது, மண்டையோடு அப்போதே நொறுங்கிவிடும்.

ஆகவே இரண்டாவதில் பெரியது பகல் பறவை. ஒரு முனை கூம்பியிருப்பதும் பருந்து வகையில் அடிக்கடி காண்பது. ஆந்தைக் கம்பு என்று பெயர் வைத்ததால் அதில் ஆந்தைதான் உட்கார வேண்டும் என்று இல்லை. பகலெல்லாம் கரிச்சான், பனங்காடை, பஞ்சுருட்டான் மாறி மாறி உட்காரும். அவையும் பூச்சி ஓட்டை உருண்டையாகக் கக்கும். உங்கள் சின்ன உதிரி உருண்டை அந்த வகை. பஞ்சுருட்டான் என்றால் குளவி, தேனீ, தும்பி இவற்றின் மெல்லிய துணுக்குகள் இருக்கும். பனங்காடை என்றால் வெட்டுக்கிளிக் காலும் பெரிய வண்டு ஓடும் இருக்கும்.

ஒரு எச்சரிக்கை: புள்ளி ஆந்தையும் அதே கம்பில் உட்காரும், அதுவும் பூச்சி தின்னும். அதன் உருண்டை 2, 3 செ.மீ., வண்டு ஓட்டோடு சுண்டெலித் தாடையோ பல்லிக் காலோ கலந்திருக்கும். பிள்ளைப்பூச்சியின் முன்கால் அடிக்கடி வரும். மண்வெட்டி போலப் பல் பல்லாக இருக்கும் அந்தக் காலை ஒரு முறை பார்த்தால் மறக்க முடியாது. பிள்ளைப்பூச்சி இரவில் வெளியே வருவது, ஆகவே அது இருந்தால் ஆந்தைப் பக்கம் சாயலாம்.

மூன்றாவது மீன்கொத்தி. மீனும் நண்டும் கலந்து 2 செ.மீ. இருந்தால் வெண்மார்பு மீன்கொத்தியாக எடுத்துக்கொள்ளலாம். அது பூச்சி, ஓணான் எல்லாம் தின்னும், அடுத்தடுத்த உருண்டையில் அவையும் வரும். வெறும் மீன் முள்ளாகவே இருந்தால் கறுப்பு வெள்ளை மீன்கொத்தியை நினைக்கலாம். நீர்க்காகம் கக்குவது வேறு மாதிரி, சளிப்பை போன்ற உறைக்குள் முள்ளும் மீனின் காதுக்கல்லும் இருக்கும். கரையில் பழைய ஆல், புளி நின்று, அதன் அடியில் நண்டு ஓடு கை நிறையக் கிடைத்தால் பூமன் ஆந்தை வருகிறதா என்று அந்தியில் போய்ப் பாருங்கள்.

நாலாவது பறவையே இல்லை. மரநாய்ப் பீ. முறுக்கு, கூர்முனை, நாற்றம், சப்போட்டா விதை எல்லாமே அதைத்தான் சொல்கின்றன. பறவை உருண்டை காய்ந்தபின் நாறாது, லேசான புழுதி வாசனைதான். பிள்ளைகள் கையில் அதைக் கொடுத்துவிடாதீர்கள்.


சவுக்குத்தோப்பு பதில்:

கெடிலக்கரை அண்ணா சொன்னதில் ஒரு இடத்தில் மாறுபடுகிறேன். "எலும்பு இருந்தால் ஆந்தை, இல்லாவிட்டால் பருந்து" என்று மனப்பாடமாக வைத்துக்கொண்டால் நம் பக்கத்து வயலில் ஏமாந்துபோவோம். கருந்தோள் பருந்து என்று ஒன்று இருக்கிறதே. வெள்ளை உடம்பு, சிவந்த கண், வயல் மேல் ஒரே இடத்தில் சிறகடித்து நின்று பார்த்து இறங்கும். பகல் பறவைதான், ஆனால் சுண்டெலியே முக்கிய உணவு. அதன் உருண்டையில் தாடை, பல், கால் எலும்பு ஓரளவு மிஞ்சவே செய்யும். வடக்குவெளி சொன்ன 3.5 செ.மீ. இளஞ்சாம்பல் உருண்டை அதுதான் என்பது என் கணிப்பு.

கூகையிலிருந்து எப்படிப் பிரிப்பது? லென்ஸ் வைத்து எலும்பின் விளிம்பைப் பாருங்கள். கூகை கக்கிய எலும்பு வழவழவென்று, மூட்டு முனை கெடாமல், பல்லின் எனாமல் முழுசாக இருக்கும். பருந்து வயிற்றில் போய் வந்தது அரித்திருக்கும்: மூட்டுத் தலை கரைந்து குழி விழும், பல்லின் எனாமல் ஓரம் பிய்ந்து உள்ளே இருக்கும் மங்கல் நிறம் தெரியும். மண்டையோடு முழுசாக வருவது அரிது, மேல்தாடைத் துண்டு மட்டும் வரும். 10 உருண்டையாவது பார்த்துவிட்டு முடிவு சொல்லுங்கள், ஒன்றிரண்டில் எதுவும் நிச்சயமில்லை.

எச்சத்தையும் கவனியுங்கள். ஆந்தை எச்சம் நேர் கீழே கட்டியாக விழும். வைரி போன்ற பகல் வேட்டைப் பறவைகள் பின்னோக்கிப் பீய்ச்சும், வெள்ளைக் கோடு இருப்பிடத்திலிருந்து தள்ளி நீளமாக விழும். வைரியின் உருண்டையில் குருவி இறகும் ஓணான் செதிலும் அதிகம், எலி மயிர் குறைவு.

கடலூர் பக்கத்தில் பழைய கோயில் மண்டபம், இடிந்த பங்களா இவற்றில் பொறுக்குகிறவர்களுக்கு இன்னொரு குழப்பம் வரும். இருட்டு மூலையில் தவளைக்கால், குருவிச் சிறகு, பெரிய விட்டில் இறக்கை சிதறிக் கிடக்கும். உருண்டையாக இருக்காது. அது இரை பிடித்துத் தின்னும் பெரிய வௌவால் தலைகீழாகத் தொங்கியபடி தின்று மிச்சம் போட்டது. கீழே வௌவால் புழுக்கையும் இருக்கும். ஆந்தை என்று எழுதிவிடாதீர்கள்.

பொம்மையார்பாளையம் மாதிரி செம்மண் ஓடைகளில், மண் சுவரின் திட்டில், 7 செ.மீ.க்கு மேல் நீளமுள்ள பருமனான உருண்டை கிடைத்தால் கொம்பன் ஆந்தை. பெருச்சாளி எலும்பும் உடைந்த பெரிய மண்டையோடும் இருக்கும். மண் சுவரின் மேலிருந்து எட்டிப் பார்க்க வேண்டாம், விளிம்பு பொலபொலவென்று சரியும். குஞ்சு இருக்கும் காலத்தில் அந்தப் பக்கமே போகாமல் இருப்பது நல்லது.


மூஞ்சூறுப்பல் பதில்:

கிருமி நீக்கத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆந்தை உருண்டை பிரித்த பள்ளி மாணவர்களுக்கு சால்மோனெல்லா தொற்றியது அமெரிக்காவில் பதிவாகியிருக்கிறது. வெயிலில் காயப்போட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். ஃப்ரீசரில் வைத்தால் அந்துப்பூச்சிப் புழு சாகும், பாக்டீரியா சாகாது.

ஓவன் இருந்தால் அலுமினியத் தாளில் சுற்றி 160 டிகிரியில் 40 நிமிடம். உங்களிடம் குக்கர் இருப்பதால்: சமையலுக்கு இனி எடுக்காத பழைய குக்கர், அடியில் இரண்டு விரல் தண்ணீர், மேலே தட்டு, அதன்மேல் பழுப்புக் காகிதத்திலோ பருத்தித் துணியிலோ சுற்றிய உருண்டைகள். ஆவி நன்றாக வந்தபின் வெயிட் போட்டு, முதல் விசிலுக்குப் பிறகு சிறு தீயில் 30 நிமிடம். 15 பவுண்டு அழுத்தத்தில் உள்ளே 121 டிகிரி வரும், ஆய்வுக்கூடக் கருவியிலும் அதே அளவுதான். இங்கே எல்லாரும் செய்யும் தவறு, ஓவனுக்குச் சொன்ன அலுமினியத் தாளையே குக்கரிலும் சுற்றுவது, அல்லது மூடி போட்ட டப்பாவில் வைப்பது. நீராவி உள்ளே போகாவிட்டால் நடுப்பகுதியில் கிருமி அப்படியே இருக்கும். எடுத்தபின் நிழலில் இரண்டு நாள் உலர்த்துங்கள். ஈரத்தோடு மூடி வைத்தால் பூஞ்சை பிடிக்கும்.

பொறுக்கும்போதும் பிரிக்கும்போதும் கையுறை, முகக்கவசம் அவசியம். பிரிக்கும் மேசையில் தின்பண்டம் கூடாது, முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். குக்கரில் வைத்ததால் இதை விட்டுவிடலாம் என்று இல்லை.

பிரிப்பது. பிள்ளைகளுக்கு உலர்முறை போதும்: வெள்ளைத் தாள், இரண்டு இடுக்கி, ஒரு ஊசி, பல் துலக்கும் பழைய பிரஷ். நீளவாக்கில் இழுத்துப் பிளக்க வேண்டும். குறுக்கே உடைத்தால் மண்டையோடு முறியும். மயிர் இறுகியிருந்தால் வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு அரை மணி ஊறவைத்து, டீ வடிகட்டியில் அலசுங்கள். சல்லடைக் கண் பெரிதாக இருந்தால் சுண்டெலிப் பல் ஓடிவிடும்.

பெரியவர்கள் மட்டும் செய்யக்கூடிய வழி காஸ்டிக் சோடா. 1 லிட்டர் தண்ணீருக்கு 80 கிராம். தண்ணீரில்தான் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும், சோடா மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கண்ணாடி ஜாடியோ பிளாஸ்டிக் வாளியோ எடுங்கள். அலுமினியப் பாத்திரம் என்றால் அரித்து ஹைட்ரஜன் வாயு வரும். கண்ணுக்குக் கண்ணாடி, ரப்பர் கையுறை. 2 முதல் 4 மணி நேரத்தில் மயிர் கரைந்து எலும்பு அடியில் நிற்கும். நாலைந்து தண்ணீர் மாற்றி அலசுங்கள். மயிரையும் இறகையும் வைத்து இனம் சொல்ல வேண்டியிருந்தால் இந்த வழி கூடாது, அவை போய்விடும்.

இனி எலும்பு. முதல் கேள்வி: உளிப்பல் இருக்கிறதா? முன்னே மேலும் கீழும் ஒரு ஜோடி, வெளிப்புறம் மஞ்சள் அல்லது ஆரஞ்சு நிறம், அதன் பின்னால் வெற்றிடம், பிறகு ஒவ்வொரு பக்கமும் 3 கடைவாய்ப்பல் என்றால் எலி. மொத்தம் 16 பல். வெற்றிடமே இல்லாமல் வரிசையாக 30 கூரிய வெள்ளைப் பல், முன்பல் கொக்கி போல முன்னே நீண்டு, கன்ன எலும்பு வளைவு இல்லாமல் மண்டையோடு நீண்டு ஒடுங்கியிருந்தால் மூஞ்சூறு. மூஞ்சூறு எலியே இல்லை, பூச்சியுண்ணி. அதை எலிக் கணக்கில் சேர்த்தால் முழுக் கணக்கும் கெடும். கிடங்கில் வாழும் கூகை உருண்டையில் மூஞ்சூறு கட்டாயம் வரும் என்று எதிர்பாருங்கள். மேலும் கீழும் கோரைப்பல், குட்டை மண்டையோடு, கூடவே ஊசி போல நீண்ட கை எலும்பு என்றால் வௌவால்.

எலிக்குள் பிரிப்பது கடினம், ஆனால் வெள்ளெலி எளிது. மேல் உளிப்பல்லின் முன்புறத்தில் நீளவாக்கில் ஒரு பள்ளம் ஓடும், நகத்தால் தடவினாலே தெரியும். மண்டையோட்டின் அடியில் உள்ள காதுக் குமிழும் பெரிதாக உப்பியிருக்கும். அடுத்தது சுண்டெலி: மண்டையோடு 2 செ.மீ. சுமார், மேல் முதல் கடைவாய்ப்பல் மட்டும் மற்ற இரண்டையும் சேர்த்ததைவிட நீளம். வயல் வரப்பில் வளை தோண்டும் வரப்பு எலிக்கு அகலமான உளிப்பல், கடைவாய்ப்பல் மேல் குறுக்குத் தகடுகள் அடுக்கியது போல இருக்கும், வளர்ந்ததின் மண்டையோடு 4 செ.மீ. வரை வரும். புல் எலியும் இளம் வீட்டு எலியும் மாற்றிப் போட மிக வாய்ப்புண்டு. இதற்குப் படம் பார்த்து ஒப்பிடுவதைவிட, உங்கள் வயலில் கிட்டிப் பொறியில் சிக்கிய எலியையே இனம் உறுதிசெய்து, சட்டி மணலில் புதைத்து இரண்டு மூன்று மாதம் கழித்து எலும்பை எடுத்து ஒப்பிடும் பெட்டி ஒன்று தயார் செய்யுங்கள். அதைப் போலத் துணை வேறு இல்லை.

குருவி என்றால் அலகு, நடுவில் ஏறு தண்டு உள்ள மார்பெலும்பு. தவளை என்றால் பின்காலின் இரட்டை எலும்பு ஒன்றாக ஒட்டி நடுவே கோடு விழுந்திருக்கும். பாம்பு என்றால் ஒரே மாதிரி முதுகெலும்புகள் டஜன் கணக்கில்.

எண்ணிக்கைக்கு: மண்டையோடு, இடது கீழ்த்தாடை, வலது கீழ்த்தாடை மூன்றையும் இனவாரியாகத் தனித்தனியே எண்ணி, பெரிய எண்ணை எடுங்கள். 2 மண்டையோடு, 3 இடது, 2 வலது என்றால் 3 எலி. கூட்டக் கூடாது.


வடக்குவெளி:

மூவருக்கும் மிக்க நன்றி. செய்து பார்த்துவிட்டு வருகிறேன்.

கிடங்கு உருண்டையில் 8 பிரித்தாயிற்று. மூஞ்சூறுப்பல் அக்கா சொன்ன பள்ளம் விழுந்த உளிப்பல் 2 உருண்டையில் கிடைத்தது. மூஞ்சூறு 3 உருண்டையில். மீதி சுண்டெலியும், எனக்குப் பிரிக்கத் தெரியாத நடுத்தர எலிகளும். கம்பு உருண்டையில் தாடை முனைகள் அரித்துத்தான் இருக்கின்றன, எனவே கருந்தோள் பருந்து என்று எழுதி வைக்கிறேன்.

மூன்று சிக்கல். ஒன்று, காஸ்டிக் சோடாவில் இரண்டு உருண்டையை இரவு முழுக்க விட்டுவிட்டேன். கடைவாய்ப்பல் எல்லாம் கழன்று, எலும்பு சுண்ணாம்புக் கட்டி போல ஆகிவிட்டது. இதை வைத்து ஏதாவது செய்ய முடியுமா? இரண்டு, ஒரு உருண்டையில் உடம்பு எலும்பு மூன்று எலிக்கு இருக்கிறது, தலை ஒன்றுகூட இல்லை. மூன்று, கிடங்குக்காரர் எலித் தொல்லை என்று புரோமடியோலோன் என்ற எலி விஷக் கட்டியை வைக்கப் போகிறார். கூகையைப் பாதிக்குமா?


மூஞ்சூறுப்பல் பதில்:

பல் கழன்றதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். தாடையில் வெறும் பல்குழி தெரிகிறதல்லவா, அதுவே ஒரு அடையாளம். லென்ஸ் வைத்து மேல்தாடையில் முதல் கடைவாய்ப்பல் இருந்த இடத்தில் குழிகளை எண்ணுங்கள். சுண்டெலிக்கு 3, வீட்டு எலிக்கு 5. குழிக்குள் மண்ணோ மயிரோ அடைத்திருந்தால் எண்ணிக்கை தவறும், ஊசியால் சுத்தம் செய்துவிட்டு எண்ணுங்கள். வெள்ளெலியின் உளிப்பல் கழன்று தனியாகக் கிடந்தாலும் பள்ளம் பள்ளம்தான். ஆனால் அந்த இரண்டு உருண்டையையும் அரிப்பை வைத்துப் பறவை சொல்லும் கணக்கில் சேர்க்காதீர்கள், சோடாவின் அரிப்பும் அமில அரிப்பும் கலந்துவிட்டன. சுண்ணாம்பாக உதிரும் எலும்பைக் காயவைத்து, வெள்ளைப் பசையில் 1 பங்குக்கு 4 பங்கு தண்ணீர் கலந்து பிரஷ்ஷால் தடவினால் பிடித்து நிற்கும்.

தலையில்லாத உருண்டைக்கு விளக்கம் இருக்கிறது. கூட்டில் குஞ்சு இருந்தால் தாய் தந்தை இரையைக் கிழித்துப் பங்கிடும். தலையை ஒன்று தின்னும், உடலை மற்றொன்று தின்னும். தலை வேறு உருண்டையில் போயிருக்கும். அதனால்தான் உருண்டைக்கு உருண்டை எண்ணுவதோடு, ஒரே நாளில் ஒரே இடத்தில் பொறுக்கியதை மொத்தமாகவும் எண்ணி இரண்டு எண்ணையும் குறிக்க வேண்டும். பையின் மேல் தேதி, இடம், உருண்டை எண் மூன்றும் பென்சிலால் எழுதுங்கள். மையால் எழுதினால் ஈரத்தில் கலையும்.


கெடிலக்கரை பதில்:

கட்டி விஷயத்தில் கிடங்குக்காரரிடம் இன்றே பேசுங்கள். புரோமடியோலோன் இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து. தின்ற எலி உடனே சாகாது, சில நாள் மந்தமாக வெளியே சுற்றும். கூகைக்கு அதைவிட எளிதான இரை கிடையாது. எலியின் உடலில் இருக்கும் நஞ்சு கூகையின் ஈரலில் சேரும், ஒரு எலியில் தப்பினாலும் அடுத்தடுத்து தின்னும்போது தப்பாது. குஞ்சுகளுக்கும் அதே எலிதான் போகிறது. தலையில்லாத உருண்டையைப் பார்த்தால் குஞ்சு இருக்க வாய்ப்பு அதிகம், ஆகவே இது நாள் தள்ளக்கூடிய காரியம் இல்லை.

அவருடைய தொல்லையும் உண்மைதான், அதற்கு வழி சொல்லாமல் வைக்காதே என்றால் கேட்கமாட்டார். கிடங்குக்குள் இரும்பு எலிப்பொறி, சுவரோரமாக, வாய் சுவரைப் பார்த்தபடி, கருவாட்டுத் துண்டோ வறுத்த தேங்காயோ வைத்து. வெளியே வரப்பு வளை வாயில் தஞ்சாவூர்க் கிட்டி. மூங்கில் வில்லில் செய்தது, நஞ்சு எதுவும் இல்லை, நம் ஊரில் கட்டித் தருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மூட்டைகளைத் தரையிலிருந்து ஒரு அடி உயர மரச் சட்டத்தில், சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி அடுக்கச் சொல்லுங்கள். எலி ஒளிய இடம் குறைந்தால் பொறியில் விழுவது கூடும், கூகைக்கும் பிடிப்பது எளிது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் ஆந்தைகள் காக்கப்பட்டவை என்பதையும் அவர் காதில் போட்டுவையுங்கள்.

உங்கள் கணக்கைப் பற்றி ஒன்று. உருண்டையில் சுண்டெலி அதிகம் வந்தால் வயலில் சுண்டெலிதான் அதிகம் என்று எழுதிவிடாதீர்கள். கூகை தன்னால் விழுங்க முடிந்ததைப் பிடிக்கிறது. வளர்ந்த வரப்பு எலி அதற்குப் பெரிது, பெரும்பாலும் குட்டிதான் வரும். குட்டியா என்று பார்க்க மூன்றாவது கடைவாய்ப்பல் முளைத்திருக்கிறதா, மண்டையோட்டு எலும்புகள் சேரும் தையல் கோடுகள் மூடியிருக்கின்றனவா என்று கவனியுங்கள். வயலில் என்ன எலி என்று தெரிய வேண்டுமானால் வளைகளையும் கிட்டியில் சிக்கியதையும் தனியாக எண்ணி, பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாடுதான் உங்கள் குறிப்பேட்டில் மதிப்புள்ள பக்கம்.


சவுக்குத்தோப்பு பதில்:

இன்னும் இரண்டு சின்ன விஷயம். படம் போடும்போது ரூபாய் நாணயம் வைத்து எடுக்காதீர்கள். 1 ரூபாய் நாணயம் பல அளவில் வந்திருக்கிறது, எது என்று படத்தில் தெரியாது. 15 செ.மீ. ஸ்கேல் வையுங்கள், உருண்டையின் அதே மட்டத்தில். மேலிருந்து ஒன்று, பக்கத்திலிருந்து ஒன்று, பிளந்தபின் ஒன்று.

பொறுக்குவதற்குத் தை முதல் ஆனி வரை நல்ல காலம். ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் கம்படி உருண்டை ஒரே இரவில் கரைந்து சேறாகிவிடும், கிடங்குக்குள் மட்டுமே கிடைக்கும். வாரத்துக்கு ஒரு முறை, ஒரே கிழமையில், பழையதை முழுக்கப் பெருக்கி எடுத்துவிட்டுப் புதியதை மட்டும் எண்ணுங்கள். பகலில் கூகை உத்தரத்தில் தூங்கும்போது நுழையாமல், இருட்டி அது வேட்டைக்குப் போன அரை மணிக்குப் பிறகு சிவப்புக் காகிதம் ஒட்டிய டார்ச்சோடு போங்கள். உள்ளிருந்து குழாயில் காற்று சீறுவது போலச் சத்தம் விடாமல் கேட்டால் குஞ்சுகள் இருக்கின்றன. அப்படியே திரும்பிவிடுங்கள், அந்த வாரக் கணக்கு போனால் போகட்டும்.